ரேஷன் அரிசியில் மிதக்கிற மணிகள்: அம்மாவிடம் என்ன சொல்வது?

கீழத்தெரு | ஞாயிறு, காலை 9:12

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் புது வேலை ஒன்று சேர்ந்திருக்கிறது. ரேஷன் அரிசி களையும்போது மேலே மிதக்கிற மணிகளை அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஜன்னல் திண்டில் ஒரு காகிதத்தில் போட்டு வைக்கிறார். ஒரு டம்ளர் அரிசிக்குப் பத்துப் பதினைந்து தேறும். பார்க்க அரிசி மாதிரியேதான் இருக்கின்றன. ஆனால் மற்ற மணிகளில் உள்ள பளபளப்பு இல்லை, சுண்ணாம்பு பூசியது போல மங்கலாக இருக்கின்றன. எல்லாம் ஒரே நீளம், ஒரே தடிமன். அதுதான் அம்மாவுக்கு முதல் சந்தேகம்: "விளைஞ்சதுன்னா ஒண்ணு நெட்டையா ஒண்ணு குட்டையா இருக்கணும்ல?"

பெரியப்பா குடும்பக் குழுவில் ஒரு வீடியோ போட்டார். யாரோ அரிசியைத் தீயில் காட்டுகிறார், கருகுகிறது, "பிளாஸ்டிக் அரிசி, உஷார்" என்று முடிகிறது. கடை அண்ணனிடம் கேட்டால் "போர்டைப் படிங்க" என்கிறார். போர்டில் "செறிவூட்டப்பட்ட அரிசி" என்று இருக்கிறது. அம்மாவுக்கு அந்தச் சொல்லே விளங்கவில்லை. "செறியா, சொறியா?" என்று கேட்டுவிட்டுப் பொறுக்குவதைத் தொடர்கிறார்.

தெரிந்தவர்கள் விளக்குங்கள். "வதந்தியை நம்பாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டாம், அது அம்மாவிடம் செல்லாது.

மண்வாசனை | 9:40

அம்மா செய்வதுதான் சரி. எங்கள் வீட்டில் மாட்டுக்குக்கூடப் போடுவதில்லை. அந்தச் சோற்றை உருண்டை பிடித்துத் தரையில் போட்டால் பந்து மாதிரி எழும்புகிறது. எந்த அரிசி அப்படி எழும்பும்? பெரிய கம்பெனிகள் லாபம் பார்க்க ஏழை வயிற்றில் சோதனை செய்கிறார்கள்.

ஆலைக்காரன் | 10:25

ஆறு வருடம் அரிசி ஆலையில் இருந்தவன் நான். இந்த மணிகளைக் கலக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அம்மாவின் கண் பொய் சொல்லவில்லை. அவை விளைந்தவை அல்ல, சத்து சேர்த்துச் செய்தவை. இவற்றைக் கலந்த அரிசியைத்தான் போர்டில் "செறிவூட்டப்பட்ட அரிசி" என்கிறார்கள். குருணையை மாவாக அரைப்பார்கள். அதில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்த பொடியைச் சேர்த்து, தண்ணீர் விட்டுப் பிசைவார்கள். அந்த மாவைச் சூடான இயந்திரம் அழுத்தி, அரிசி வடிவத் துளை வழியாக வெளியே தள்ளும். அங்கேயே வெட்டிக் காயவைத்தால் மணி தயார். சேமியா, மக்ரோனி செய்கிற அதே வேலைதான், அச்சு மட்டும் வேறு. ஒரே நீளமாக இருப்பதும் அந்த அச்சால்தான்.

மிதப்பது ஏன்? விளைந்த அரிசி இறுக்கமானது. இது மாவைப் பிசைந்து அழுத்தியது, உள்ளே பொடிப்பொடியாகக் காற்று இருக்கும். அதனால் சில மணிகள் மேலே வரும்.

கலக்கும் அளவு நூற்றுக்கு ஒன்று, அதாவது ஒரு கிலோவில் 10 கிராம். உங்கள் டம்ளரில் 200 கிராம் என்று வையுங்கள், அதில் 2 கிராம், கிட்டத்தட்ட நூறு மணிகள். அம்மா பொறுக்குவது பதினைந்து. மீதி எண்பத்தைந்தை மூன்று மாதமாக எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். (இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.)

உருண்டை எழும்புவதற்கு வருவோம். வெந்த மாவுச்சத்து ஒட்டும், இழுபடும், அமுக்கினால் எகிறும். வீட்டில் கொழுக்கட்டை செய்யும்போது ஒன்றைக் கீழே போட்டுப் பாருங்கள். தீயில் காட்டினால் கருகுவதும் மாவுச்சத்தின் வேலைதான், பிளாஸ்டிக் என்றால் கருகுவதற்கு முன்னால் உருகிச் சொட்டும். அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள், சொட்டுகிறதா என்று.

வியாபாரக் கணக்கும் பார்க்கலாம். பிளாஸ்டிக் குருணை, அரிசிக் குருணையைவிட விலை கூடியது. கலப்படம் செய்கிறவன் விலை குறைந்ததைத்தான் கலப்பான்.

நம்பிக்கை இல்லை என்றால் வீட்டிலேயே பாருங்கள். திண்டில் வைத்திருக்கிற மணிகளில் பத்தை எடுத்து வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு விரலால் நசுக்குங்கள். இன்னும் பத்தை வேகவைத்து நசுக்கி, காயத்துக்குப் போடுகிற அயோடின் மருந்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு விடுங்கள். மாவுச்சத்து என்றால் கருநீலமாக மாறும். பார்த்த பிறகு கொட்டிவிடுங்கள், யாரும் வாயில் போட வேண்டாம்.

மண்வாசனை | 10:51

ஆலைக்காரர் ஆலைக்காகப் பேசுகிறார்.

ஆலைக்காரன் | 10:58

வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது அண்ணே. இப்போது மாவு மில் வைத்திருக்கிறேன். இட்லி மாவு வேண்டுமானால் சொல்லுங்கள்.

கூடலூர் செவிலி | 12:30

பிளாஸ்டிக் இல்லை என்பது சரி. ஆனால் இதோடு பேச்சை முடித்துவிட்டால் பாதிதான் பேசியிருக்கிறோம் என்று அர்த்தம்.

முதலில், ஏன் இதைச் செய்கிறார்கள்? 2019–21 இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். மருத்துவமனை இத்தனை இருக்கிற மாநிலத்தில் பாதிக்கு மேல்! 2021 சுதந்திர தின உரையில் பிரதமர், அரசு கொடுக்கிற அரிசி எல்லாம் 2024க்குள் செறிவூட்டியதாக மாறும் என்று அறிவித்தார். அதற்கு முன்பே நம் மாநிலத்தில் திருச்சி மாவட்டத்தில் சோதனை முறையில் கொடுத்தார்கள்.

இப்போது அளவைப் பாருங்கள். விதிப்படி ஒரு கிலோ செறிவூட்டிய அரிசியில் இரும்பு 28 முதல் 42.5 மி.கி. இருக்க வேண்டும். ஒரு பெண் நாளைக்கு 200 கிராம் அரிசி சாப்பிட்டால் 5.6 முதல் 8.5 மி.கி. கிடைக்கும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020 இல் வகுத்த அளவு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி. கிடைப்பது அத்தனையும் உடம்பில் சேர்ந்துவிடாது, பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே பெரிது. ஆக, இது விஷமும் இல்லை, அமுதமும் இல்லை.

எங்கள் பக்கத்துக் கவலை வேறு. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுச் சோகை இருக்கிறது. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகிற பரம்பரை நோய் அது. 2018 விதிப்படி இரும்பு செறிவூட்டிய உணவுப் பொட்டலத்தில், அரிவாள் அணுச் சோகை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும், தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்று அச்சிட வேண்டும். இவர்கள் உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடலாம் என்ற பயம்தான் காரணம். அரிசிக்கு அந்த அச்சு இருந்தது மூட்டையில். கடையில் மூட்டையைப் பிரித்து நிறுத்துப் பையில் கொட்டுகிறார்கள். எச்சரிக்கையை யார் படித்தார்கள்? நான் கேட்டுப் பார்த்த ஒருவரும் படித்ததில்லை.

மண்வாசனை | 12:44

பார்த்தீர்களா! நான் சொன்னதைத்தானே இவரும் சொல்கிறார்!

கூடலூர் செவிலி | 1:05

இல்லை அண்ணே. நீங்கள் பிளாஸ்டிக் என்றீர்கள். நான் "எச்சரிக்கை போய்ச் சேரவில்லை" என்கிறேன். இரண்டும் ஒன்றானால் நாளைக்கு நான் கடைக்காரரிடம் நியாயமான கேள்வி கேட்டாலும், "ஓ, அந்தப் பிளாஸ்டிக் கோஷ்டியா" என்று அனுப்பிவிடுவார்.

இன்னொன்று. அந்த எச்சரிக்கையும் பிறகு மறுபரிசீலனைக்குப் போனது. தலசீமியா கடுமையாக உள்ளவர்களுக்கு ரத்தம் ஏற்றுவார்கள். ஏற்றுகிற ஒரு யூனிட் ரத்தத்திலேயே 200 மி.கி.க்கு மேல் இரும்பு போகிறது. அதன் பக்கத்தில் அரிசியில் இருந்து உடம்பில் சேர்வது சொற்பம். அரசு அமைத்த நிபுணர் குழு சான்றுகளைப் பார்த்து, அரிசியால் இவர்களுக்குத் தீங்கு என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. 2024 இல் அரிசிக்கு மட்டும் அந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் முழுச் சமாதானம் இல்லை. எங்கள் பக்கத்தில் கொஞ்ச காலம் கண்காணித்திருக்கலாம். ஆனால் அது என் கருத்து, ஆதாரம் என்று நீட்ட மாட்டேன்.

மெய்ப்பொருள் | 2:20

பொதுச் சுகாதாரம் படிக்கிறவன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். "அரிசியில் இரும்பு போட்டால் ரத்தசோகை குறையுமா?" இதுதான் விடை தேட வேண்டிய கேள்வி. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் குழு 2019 இல் இதைப் பார்த்தது. அவர்கள் கண்டது: இரும்பு சேர்த்த அரிசியால் ரத்தசோகையில் வித்தியாசம் சிறிதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த முடிவையும் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் வலுவாக இல்லை.

ரத்தசோகை எவ்வளவு என்பதிலேயே தகராறு உண்டு. குடும்பநலக் கணக்கெடுப்பில் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். 2016–18 இல் குழந்தைகளுக்கென நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் கையின் ரத்தக்குழாயில் எடுத்தார்கள். முதலாவதில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 58.6 சதவீதம் (2015–16 கணக்கு). இரண்டாவதில் ஒன்று முதல் நான்கு வயது வரை 41 சதவீதம். விரலை அமுக்கும்போது ரத்தத்தோடு திசுநீரும் கலந்து ஹீமோகுளோபின் அளவு குறைவாகக் காட்டலாம், அதனால் ரத்தசோகை கூடுதலாகத் தெரியலாம். பெங்களூரு அனுரா குர்பாத் போன்ற ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் இந்தத் திட்டத்தை எல்லார் மீதும் திணிக்கக் கூடாது என்று வாதிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரத்தசோகை என்றாலே இரும்புக் குறைவு என்றும் சொல்ல முடியாது. கொக்கிப்புழு, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, பி12 குறைவு, நாள்பட்ட நோய்த்தொற்று, எத்தனையோ.

முருங்கை மரம் | 2:41

இதெல்லாம் எதற்கு? முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம், நாட்டுச் சர்க்கரை சாப்பிட்டால் ரத்தம் ஊறும். பாட்டி சொன்னது.

கூடலூர் செவிலி | 3:10

முருங்கைக்கு நானும் கட்சிதான். ஆனால் "பசலையைவிட இருபத்தைந்து மடங்கு இரும்பு" என்று சுற்றுகிறதே, அது காய்ந்த பொடியையும் பச்சைக் கீரையையும் பக்கத்தில் வைத்துச் செய்கிற வித்தை. தண்ணீரை எடுத்துவிட்டால் எந்தக் கீரையும் வீரன்தான். கீரையின் இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. எலுமிச்சை பிழிந்தால், நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தக் கொஞ்சமும் கெடும்.

பேரீச்சையில் ஊர் நினைக்கிற அளவு இரும்பு இல்லை. நாட்டுச் சர்க்கரையைப் பற்றிச் சொன்னால் சண்டை வரும். சுகர் உள்ளவர்கள் மட்டும் அதை மருந்து என்று எண்ணிச் சாப்பிட வேண்டாம்.

முருங்கை மரம் | 3:15

சண்டைக்கு வரவில்லை அக்கா. டீயை விடச் சொன்னதில்தான் மனம் உடைந்தது.

பழைய சோறு | மாலை 5:30

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன். மண்வாசனை "ஏழை வயிற்றில் சோதனை" என்றது காலையில் இருந்து உறுத்துகிறது. அரிசியை வைத்துச் சோதனை நடந்த கதை நம் ஊரிலேயே இருக்கிறது.

பெரிபெரி என்று ஒரு நோய். கால் மரத்துப் போகும், வீங்கும், இதயம் நின்று போகும். 1890களில் ஜாவாவில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் தள்ளாடி விழுவதைப் பார்த்தார். தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் அவை எழுந்தன. அவர் என்ன நினைத்தார் தெரியுமா? வெள்ளை அரிசியில் விஷம் இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்று. தவறு. அவருக்குப் பின்னால் வந்த கிரைன்ஸ் என்பவர்தான் 1901 இல், விஷம் ஏறவில்லை, வேண்டிய ஏதோ ஒன்று குறைகிறது என்று திருத்தினார். இருந்தும் 1929 நோபல் பரிசு எய்க்மானுக்குப் போனது, கிரைன்ஸுக்கு இல்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது.

அடுத்து குன்னூர். 1918 இல் அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி விசாரணைப் பிரிவைத் தொடங்கினார். அன்றைய சென்னை மாகாணத்தில் வடக்கே, இன்றைய ஆந்திரக் கடலோரத்தில், பெரிபெரி இருந்தது. தெற்கே அரிதாக இருந்தது. இரண்டு பக்கமும் அரிசிதான் சாப்பாடு. வித்தியாசம் என்ன? அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 சத்து உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போகாது. அந்தச் சின்னப் பிரிவு வளர்ந்து ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. செவிலி அம்மா மேலே சொன்னாரே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், அது இதுதான்.

நம் பாட்டிகள் பி1 என்று கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் நெல் அவித்தார்கள். அதற்காகப் பாட்டி சொன்னது எல்லாம் சரி என்று ஆகிவிடாது. அவித்தது ஏன் நல்லது என்று பார்க்க ஒருவர் இரண்டு ஊர்ச் சோற்றையும் ஒப்பிட வேண்டியிருந்தது.

உப்புக்கும் இதே கதை. இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் ராமலிங்கஸ்வாமி என்ற மருத்துவ ஆய்வாளரின் குழுவினர் ஊர்களை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் பக்கம், அயோடின் குறைவால் கழுத்து வீங்குகிற கழுத்துக்கழலை குறைந்தது, சாதா உப்புப் பக்கம் அப்படியே இருந்தது. பிறகு அவர்களுக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள். அந்த மாதிரி ஒப்பீடு செறிவூட்டிய அரிசிக்கு இன்னும் நன்றாக நடந்திருக்க வேண்டும் என்பதே என் குறை.

மண்வாசனை | 6:15

ஐயா, நீங்கள் சொன்னதால் படித்தேன். பிளாஸ்டிக் என்ற பேச்சை விடுகிறேன். ஆனால் ஒன்று சொல்லுங்கள். பணம் உள்ளவன் கடையில் பொன்னி வாங்கிக்கொள்வான். ரேஷனை நம்பி இருப்பவனிடம் "இது வேண்டுமா" என்று யாரும் கேட்கவில்லை. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை, 2028 டிசம்பர் வரைக்கும் இதற்கு 17,082 கோடி ஒதுக்கியது. அந்தப் பணத்தில் பருப்பும் முட்டையும் கொடுத்தால் என்ன?

மெய்ப்பொருள் | 6:32

இந்தக் கேள்விக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. காலையிலேயே இதைக் கேட்டிருந்தால் நானும் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். ஒன்று மட்டும்: ஒரு கிலோ அரிசிக்குச் செறிவூட்டும் செலவு ஒரு ரூபாய்க்கும் குறைவு. அந்தக் காசுக்கு முட்டை வராது. மலிவாக எல்லாருக்கும் போய்ச் சேரும் என்பதுதான் அரசுத் தரப்பு. சேர்ந்து என்ன பயன் என்பது நம் தரப்பு.

ஆலைக்காரன் | 6:50

கலப்பைச் சரியாகச் செய்கிறார்களா என்றும் கேளுங்கள். நூற்றுக்கு ஒன்று என்பது காகிதத்தில். கலக்கி சரியாகச் சுற்றாவிட்டால் ஒரு மூட்டையில் மூன்று, இன்னொன்றில் ஒன்றும் இருக்காது. சோதிக்க ஆள் வருவது எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கேட்டால் நான் சிரித்துவிடுவேன்.

கீழத்தெரு | இரவு 8:20

சோதனை செய்தோம். அம்மாவே செய்தார், நான் கை வைக்கவில்லை.

வெந்நீரில் போட்ட மணிகள் கால் மணி நேரத்தில் பொதுக்கென்று ஆகிவிட்டன. நசுக்கினால் கோலமாவு ஈரமானது போல விரலில் ஒட்டியது. வேகவைத்ததில் அயோடின் விட்டதும் கருநீலம். சரியாக இருக்கட்டும் என்று கடையில் வாங்கிய பொன்னிச் சோற்றிலும் ஒரு சொட்டு விட்டார், அதுவும் கருநீலம். பிறகு அவராகவே பால் பாக்கெட்டில் ஒரு துண்டு வெட்டி வெந்நீரில் போட்டார். அது அப்படியே கிடந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது.

"மாவுதான்" என்றார். ஐந்து நிமிடம் கழித்து, "அப்ப இதை ஏன் அந்தப் போர்டுல மாவுன்னு எழுதக் கூடாது?" என்றார்.

தங்கையைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். கல்லூரியில் ரத்தம் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 9.2. இந்த அரிசியைச் சாப்பிட்டாலே ஏறிவிடுமா?

கூடலூர் செவிலி | 8:41

ஏறாது தம்பி. 9.2 என்றால் நடுத்தர ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மாதவிடாய் எப்படிப் போகிறது என்று கேட்பார்கள், கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். பூச்சி மாத்திரை கொடுத்தாலும் கொடுப்பார்கள். இரும்பு மாத்திரை தந்தால், டீ குடிக்கிற நேரத்தில் போட வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையால்தான். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம்.

கீழத்தெரு | 8:55

நாளைக்கே போகிறோம். அம்மாவும் ரத்தம் பார்த்துக்கொள்கிறாராம். காகிதத்தில் மிச்சம் இருந்த மணிகளைக் காலையில் ஊறப்போட்ட இட்லி அரிசியோடு சேர்த்துவிட்டார்.